கந்தன் கிடைத்துவிடுவான், ஜாவரைத் தேடுங்கள்

‘ஏழை படும் பாடு’ படத்தில் எதிரும் புதிருமாக நின்ற இரண்டு நடிகர்களுக்கும் பெயருக்கு முன்னால் ஓர் ஒட்டு உண்டு. கந்தன் என்ற கைதியாக வந்தவர் சித்தூர் வி. நாகையா. பிறந்தது குண்டூர்ப் பக்கம் என்றாலும், சித்தூரில் ராம விலாஸ சபையின் நாடகங்களில் நடித்துப் பேர் வாங்கியதால் ஊர்ப்பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. அவரை விடாமல் துரத்தும் போலீஸ் இன்ஸ்பெக்டராக வந்தவர் சீதாராமன். பாத்திரத்தின் பெயர் ஜாவர். அந்த ஒரு வேடத்துக்குப் பிறகு கடைசிவரை அவர் ஜாவர் சீதாராமன்தான். ‘அந்த நாள்’ படத்துக்குக் கதை எழுதியபோதும், ‘உடல் பொருள் ஆனந்தி’ என்று தொடர்கதை எழுதி வாசகர்களைக் கட்டிப்போட்டபோதும் அந்தப் பிரெஞ்சுப் போலீஸ்காரனின் பெயர் அவரை விட்டுப் போகவில்லை. நாயகனின் பெயர் கந்தன் என்பது இன்று பழைய படப் பிரியர்களுக்கு மட்டுமே தெரியும். துரத்தியவனின் பெயரை எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் தமிழர்கள் மறக்கவில்லை. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. வேற்று மண்ணின் பெருநாவல் ஒன்றை நம் காலத்துக்கும் நம் ஊருக்கும் கொண்டுவந்து படமாக்குவதில் எது கடினம், எது எளிது என்பதற்கான விடை இந்தப் பெயர் விவகாரத்துக்குள்ளேயே இருக்கிறது.

படம் வெளிவந்தது 1950-இல். கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோவில் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு தயாரிக்க, கே. ராம்நாத் இயக்கினார். தெலுங்கில் ‘பீதல பாட்லு’ என்ற பெயரில் அதே ஆண்டு வந்தது. அதிலும் நாயகன் நாகையாதான். ஆந்திரம் தனி மாநிலமாவதற்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. சித்தூரும் கோயம்புத்தூரும் ஒரே சென்னை மாநிலத்தில் இருந்த காலம். ஒரே ஸ்டூடியோவில் ஒரே நடிகரை வைத்து இரண்டு மொழியில் எடுப்பது அன்றைக்குச் சாதாரணம். மூலம், விக்டர் ஹ்யூகோ 1862-இல் வெளியிட்ட ‘லே மிசராப்ல’. அதைத் தமிழில் ‘ஏழை படும் பாடு’ என்று தந்தவர் சுத்தானந்த பாரதியார். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தில் பல ஆண்டுகள் இருந்தவர், பிரெஞ்சு அறிந்தவர். கதையின் எலும்புக்கூடு இதுதான்: அக்காளின் ஏழு குழந்தைகளுக்காக ஒரு ரொட்டியைத் திருடிய ழான் வல்ழானுக்கு ஐந்தாண்டுச் சிறை, தப்பிக்க முயன்ற குற்றங்களும் சேர்ந்து பத்தொன்பது ஆண்டாகிறது. வெளியே வந்தால் கையில் மஞ்சள் நிற அடையாளச் சீட்டு. அதைக் காட்டிய இடத்திலெல்லாம் கதவு சாத்தப்படுகிறது. ஒரு பாதிரியார் மட்டும் சோறு போட்டுப் படுக்க இடமும் தருகிறார். இவன் அவர் வீட்டு வெள்ளியைத் திருடிக்கொண்டு ஓடிப் பிடிபடுகிறான். ‘நான்தான் கொடுத்தேன்’ என்று பாதிரியார் சொல்லிவிடுகிறார். அந்த நிமிடத்திலிருந்து அவன் வேறு மனிதன். ஆனால் ஜாவரின் கோப்பில் அவன் அதே மனிதன்.

இப்படி ஒரு கதையை இங்கே நடுவதென்றால் பலருக்கும் முதலில் தோன்றுவது பெயர் மாற்றம், உடை மாற்றம், ஊர் மாற்றம். ழான் கந்தனாவான், குதிரை வண்டி மாட்டு வண்டியாகும், நாட்டியம் ஒன்று சேரும். இவையெல்லாம் ஒரு வாரத்து வேலை. நாயகனைக் கண்டுபிடிப்பதும் பெரிய சிரமமில்லை, ஏனென்றால் கெட்டவன் நல்லவனாவது நமக்கு அந்தக் காலத்திலிருந்தே பழக்கமான கதை. வேடனாகவும் வழிப்பறிக்காரனாகவும் இருந்தவர் வால்மீகியானார் என்று பாட்டிமார் சொன்ன கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அருணகிரிநாதர் கதையும் அந்த வழிதான். தெலுங்கில் வேமனரின் கதையும் அதுதான். 1947-இல் ‘யோகி வேமனா’வாக நடித்தவரும் இதே நாகையா. ஆனால் இந்தக் கதைகள் எதிலும் ஒரு ஆள் இல்லை. வால்மீகி ராமாயணம் எழுதிக்கொண்டிருக்கும்போது, ‘உன் பேரில் பழைய வழிப்பறிக் கேஸ் ஒன்று நிலுவையில் இருக்கிறது’ என்று வாரண்டோடு யாரும் புற்றுக்குப் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. மனம் திரும்பினால் ஊரும் தெய்வமும் ஏற்றுக்கொண்டுவிடும். ஹ்யூகோ கேட்டது வேறு கேள்வி: மனிதன் மாறிவிட்டான், தாள் மாறவில்லை, இப்போது என்ன செய்வது? ஆகவே நாவலை நம் மண்ணுக்குக் கொண்டுவருகிறவர் தேடிப் பிடிக்க வேண்டியது கந்தனை அல்ல, ஜாவரைத்தான். எந்தச் சட்டம், எந்த வழக்கம், எந்தப் பதிவேடு இங்கே ஒருவனை அதே மாதிரி நெருக்குகிறது என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் அதன் பின்னால் தானாக வந்து சேரும். அது கிடைக்காவிட்டால் என்னதான் செலவு செய்தாலும் மிஞ்சுவது உடையலங்காரம்.

1950-இல் சென்னை மாநிலத்தில் ஜாவரைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு, முன்பு திருட்டுக் குற்றத்தில் தண்டனை பெற்றவன் மறுபடி அகப்பட்டால் ஆயுள் தண்டனைவரை கொடுக்கலாம் என்றது. ஒரு சிறுவனின் நாணயத்தை எடுத்துக்கொண்டதற்காக வல்ழான் வாழ்நாள் முழுக்கப் பயந்து ஓடுவதும் இதே தர்க்கத்தால்தான். காவல் நிலையங்களில் கேடிப் பட்டியல் இருந்தது, இன்றும் இருக்கிறது. இவற்றையெல்லாம் மிஞ்சியது குற்றப் பரம்பரைச் சட்டம். 1871-இல் வடக்கே தொடங்கி 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்த அந்தச் சட்டத்தின்படி, பட்டியலில் சேர்க்கப்பட்ட சாதியில் பிறந்ததே போதும், வேறு குற்றம் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. பெயரைப் பதிந்து ரேகை வைக்க வேண்டும், வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரலில் ரேகை வைக்க மறுத்த கள்ளர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அன்றைய குண்டூர் மாவட்டத்து ஸ்டூவர்ட்புரம் இந்தச் சட்டத்தின்கீழ் எருகுலர்களுக்காக உண்டாக்கப்பட்ட குடியிருப்பு. சென்னை மாகாணம் 1947-இல் இச்சட்டத்தை ரத்து செய்தது. நாடு முழுக்க ரத்தாக 1952 ஆனது. ஆக, ‘ஏழை படும் பாடு’ கொட்டகைக்கு வந்தபோது மஞ்சள் சீட்டு என்றால் என்னவென்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருந்திருக்காது. அந்தச் சீட்டை வைத்திருந்தவர்களே தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருக்கக்கூடும். எல்லாப் பெயரையும் தமிழாக்கியவர்கள் இன்ஸ்பெக்டரின் பெயரை மட்டும் ஏன் ஜாவர் என்றே விட்டார்கள் என்பதை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். சோம்பலாகக்கூட இருக்கலாம். காரணம் எதுவானாலும் உறுத்தவில்லை. போலீஸ் என்பது வெள்ளைக்காரன் விட்டுப்போன ஏற்பாடு, அதற்கு அந்நியப் பெயர் இருப்பதில் யாருக்கு ஆச்சரியம்?

நாகையாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ‘போதனா’, ‘தியாகய்யா’, ‘வேமனா’ என்று பக்தர்களாகவே நடித்துப் பெயரெடுத்தவர். ‘தியாகய்யா’வை அவரே இயக்கவும் செய்தார். எம்.எஸ். சுப்புலட்சுமியின் ‘மீரா’வில் ராணாவாக வந்தவர் என்பதால் தமிழர்களுக்கும் பழக்கமான முகம். இயக்குநர் ராம்நாத்துக்கு வாகினியின் முதல் படமான ‘வந்தே மாதரம்’ காலத்திலிருந்தே அவரைத் தெரியும். இப்படிப்பட்ட ஒருவரைக் கைதி உடையில் நிறுத்தினால் பார்வையாளருக்கு உடனே புரிந்துவிடும்: இவர் திருடனாகவே இருந்துவிடப் போவதில்லை. ஹ்யூகோ நூற்றுக்கணக்கான பக்கங்களில் வாசகனிடம் சம்பாதித்த நம்பிக்கையை நாகையாவின் முகம் முதல் காட்சியிலேயே வாங்கிக் கொடுத்துவிட்டது. மூன்று மணி நேரப் படத்துக்கு இது பெரிய லாபம். நஷ்டமும் உண்டு. நாவலின் வல்ழான் விடுதலையாகி வரும்போது உண்மையிலேயே பயமுறுத்துகிறவன். பாதிரியார் தூங்கும்போது கையில் இரும்புக் கம்பியோடு நிற்கிறவன். அடிக்கப் போகிறானா என்று வாசகனுக்கே தெரியாத கணம் அது. போதனாவும் தியாகய்யாவும் கூடவே வந்து நிற்கும் முகத்தில் அந்தப் பயம் எப்படி வரும்? நடிகரின் பழைய படங்களும் ஒருவகை மொழிபெயர்ப்புதான், அதிலும் கொஞ்சம் சிந்தத்தான் செய்யும்.

இன்னொரு சிக்கல் பாதிரியார். படத்தில் அவரைச் செருகளத்தூர் சாமா செய்தார். மற்றவர்களையெல்லாம் உள்ளூர்க்காரர்களாக மாற்றியவர்கள் இவரை ஒரு குருக்களாகவோ மடாதிபதியாகவோ மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஊர் பேர் தெரியாத, சாதி தெரியாத, ஜெயிலிலிருந்து நேராக வரும் ஒருவனைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துத் தன் வெள்ளித் தட்டில் சாப்பிடச் சொல்ல வேண்டும், அதுதான் அந்தக் காட்சி. அந்தக் காலத்து அக்ரகாரத்தில் அது நடந்திருந்தால் கதை அங்கேயே வேறு திசையில் போயிருக்கும். கந்தனின் மனமாற்றத்தைவிடக் குருக்களின் சாதிப் பிரஷ்டம்தான் பெரிய கதையாகியிருக்கும். ஆகவே பாதிரியார் பாதிரியாராகவே இருந்தார். சோம்பேறித்தனம் என்று தோன்றினாலும் இது மண்ணைப் புரிந்துகொண்ட முடிவு. 1972-இல் சிவாஜி கணேசன் நடித்த ‘ஞான ஒளி’ இதே தடத்தில் இன்னும் ஓர் அடி போனது. வியட்நாம் வீடு சுந்தரத்தின் நாடகத்தை பி. மாதவன் படமாக்கினார். அதில் கைதி ஆன்டனி, துரத்தும் அதிகாரி லாரன்ஸ், கைதியை ஆட்டிவைப்பது ஒரு பாதிரியாரின் வாக்கு. கதை முழுவதையும் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே வைத்துவிட்டதால் பாதிரியார் மட்டும் தனித்து நிற்கும் சிக்கல் இல்லை. ஹ்யூகோவின் பெயரைச் சொல்லாமலே ஹ்யூகோவுக்கு நெருக்கமாகப் போன படம் அது. மேஜர் சுந்தரராஜனின் லாரன்ஸ், கைதியின் பழைய நண்பனாகவும் இருப்பது ஹ்யூகோவிடம் இல்லாதது. துரத்தலை அது இன்னும் கூர்மையாக்குகிறது.

‘அன்பும் பசியும் எல்லா ஊரிலும் ஒன்றுதான், நல்ல கதைக்குப் பாஸ்போர்ட் வேண்டாம்’ என்று ஒரு கட்சி உண்டு. பாதி உண்மை. பசி ஒன்றுதான், பசித்தவன்மேல் போடப்படும் சட்டம் ஒன்றல்ல. ஜேன் ஆஸ்டினின் நாவல்களை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகத் தெரியும். ராஜீவ் மேனன் 2000-இல் எடுத்த ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படத்துக்கு மூலம் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’. அங்கே பெண்களை வீதிக்குத் தள்ளுவது சொத்து ஆண்வாரிசுக்குப் போகிற ஏற்பாடு. தமிழ்நாட்டிலோ 1989-லேயே கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தரும் திருத்தம் வந்துவிட்டது; ஆந்திரம் அதற்கும் முன்பே 1986-இல் சட்டமியற்றியது. அப்படியானால் கதை நொண்டியிருக்க வேண்டும். படம் அதை உயிலால் சமாளித்தது. ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்ட மகள்மீது கோபத்தில் தாத்தா என்றோ எழுதிவைத்த உயில், மனம் மாறிய பிறகும் வாய் பேச முடியாமல் அவரால் மாற்ற முடியாத உயில். சுயசம்பாத்தியச் சொத்தை யாருக்கும் எழுதலாம் என்ற ஓட்டை நம் சட்டத்தில் உள்ளது, அந்த ஓட்டையின் வழியாக ஆஸ்டின் காரைக்குடிப் பக்கம் வந்துசேர்ந்தார். பணத்துக்காகக் காதலைக் கைவிடும் இளைஞனுக்குப் படம் கண்டுபிடித்த தொழில், பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கித் திவாலாகும் நிதி நிறுவனம். 1990-களின் சென்னையில் அது தினசரிச் செய்தி. நாவலின் கர்னல் பிராண்டனின் இடத்தில் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப் படையில் காலை இழந்த ராணுவ அதிகாரி. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் இங்கே நிஜமாக இருந்த ஒரு நெருக்கடி உண்டு.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஆஸ்டினின் ‘எம்மா’. அமெரிக்காவில் 1995-இல் ‘க்ளூலெஸ்’ என்று பெவர்லி ஹில்ஸ் உயர்நிலைப் பள்ளிக்கு மாற்றினார்கள். யார் யாரோடு பேசலாம், யார் எந்த மேசையில் உட்காரலாம் என்ற படிநிலை பள்ளிக்கூடத்தில் ஆஸ்டின் கிராமத்தைப் போலவே கறாரானது, ஆகவே கதை நின்றது. 2010-இல் டெல்லிக்கு ‘ஆயிஷா’வாக வந்தபோது துணிக்கடைகள் கிடைத்தன, படிநிலை கிடைக்கவில்லை. டெல்லியில் படிநிலைக்கா பஞ்சம்? சாதி இருக்கிறது, சமூகம் இருக்கிறது, எந்தக் காலனியில் வீடு என்பது இருக்கிறது. தொடப் பயந்தார்கள் என்றே நினைக்கிறேன். இயக்குநர் குரோசவா 1951-இல் தஸ்தயேவ்ஸ்கியின் ‘அசட’னை ஜப்பானின் பனி மூடிய ஹொக்கைடோவுக்குக் கொண்டுபோனபோது, நாயகனின் வலிப்புக்கும் வெகுளித்தனத்துக்கும் அவர் வைத்த காரணம் போர்க்குற்றவாளி என்று தவறாக மரண தண்டனை விதிக்கப்பட்டுக் கடைசி நேரத்தில் தப்பியது. தோற்ற ஜப்பானில் அதைவிடப் பொருத்தமான காரணம் ஒன்று இருந்திருக்க முடியாது.

சரி, மூலத்துக்குத் துரோகம் செய்யலாமா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ‘லே மிசராப்ல’வில் வாட்டர்லூ போர் இருக்கிறது, கன்னிமாடங்களைப் பற்றிய நீண்ட விசாரணை இருக்கிறது, பாரிஸின் பாதாளச் சாக்கடை வரலாறு இருக்கிறது, 1832 ஜூன் கலகத்தின் தெருத் தடுப்பரண்கள் இருக்கின்றன. இவற்றைக் கழித்தால் ஹ்யூகோவில் கணிசமான பகுதி போய்விடும், அதை இல்லையென்று சொல்லக் கூடாது. குறிப்பாகக் கலகம். ஏழையின் துன்பத்துக்குக் காரணம் சில கெட்ட மனிதர்களா, அரசாங்கமே அப்படித்தானா என்ற வாதத்தின் உச்சம் அந்தத் தடுப்பரண்தான். அது இல்லாமல் எடுத்தால் தனிமனிதக் கருணையின் கதையாகச் சுருங்கிப்போகும் ஆபத்து உண்டு. நம் தழுவல்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கின்றன. ஆனால் சாக்கடையையும் வாட்டர்லூவையும் அப்படியே வைத்துத் தமிழ் வசனம் பேசவைத்தால் விசுவாசமாகிவிடாது. பிரெஞ்சு வாசகனுக்கு வாட்டர்லூ சொந்தத் தோல்வி, நமக்கு அது வரலாற்றுப் புத்தகத்தில் மூன்று மதிப்பெண் கேள்வி.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு, இன்று யாராவது இந்த நாவலை மறுபடி எடுக்கத் துணிந்தால் எங்கே வைக்கலாம் என்று யோசித்தால், நாகையாவின் சித்தூருக்கும் அதற்கு வடக்கே சேஷாசலம் மலைக்கும்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. வல்ழான் என்ன தொழில் செய்தவன் என்பது பலருக்கும் நினைவிருக்காது: மரங்களின் கிளை கழிக்கும் கூலி. குளிர்காலத்தில் வேலையில்லாமல்தான் ரொட்டிக் கடையின் கண்ணாடியை உடைத்தான். செம்மரம் உலகில் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்பகுதியில், சித்தூர், திருப்பதி, கடப்பை, நெல்லூர் வட்டாரத்தில்தான். வாங்குகிறவர்கள் சீனாவிலும் ஜப்பானிலும். வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டின் ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, தர்மபுரிப் பக்கத்து ஏழைகள், அவர்களில் மலையாளிப் பழங்குடியினர் அதிகம். ஏஜென்ட் முன்பணம் கொடுக்கிறான், கோடாலியைச் சுமந்துகொண்டு மலையேறுகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அதிகாலையில் சந்திரகிரிக்கு அருகே சேஷாசலக் காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் இறந்தார்கள். தாக்க வந்தார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். மனித உரிமை அமைப்புகள் அதை மறுத்தன. இங்கே ஹ்யூகோவுக்குக் கிடைக்காத ஒரு முடிச்சும் இருக்கிறது. 1950-இல் கந்தனும் ஜாவரும் ஒரே மாநிலத்துக்காரர்கள், ஒரே ஸ்டூடியோவில் இரண்டு மொழியிலும் பேசினார்கள். 1953-இல் மாநிலம் பிரிந்தது, 1960-இல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, சித்தூர் அந்தப் பக்கமே நின்றது. இன்றைய கந்தன் எல்லை தாண்டிப் போகிறவன். அவன்மேல் எழுதப்படும் ரிமாண்ட் ரிப்போர்ட் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அவனால் அதை வாசிக்க முடியாது.

‘புஷ்பா’தான் வந்துவிட்டதே என்று சொல்வார்கள். சுகுமார் இயக்கி 2021 டிசம்பரில் வந்த படம் இதே காட்டை, இதே மரத்தை, சித்தூர்ப் பேச்சுத் தெலுங்கை எடுத்துக்கொண்டது. அந்தப் பேச்சை நாடு முழுக்கக் கேட்கவைத்தது சின்னக் காரியமில்லை. கடைசிப் பகுதியில் வரும் போலீஸ் அதிகாரிக்கு அந்த ஊருக்குச் சற்றும் பொருந்தாத வடக்கத்திப் பெயர் என்பது ஜாவரை நினைவூட்டுகிறது. ஆனால் புஷ்பராஜ் கூலியாகத் தொடங்கி சிண்டிகேட்டுக்கே தலைவனாகிறவன். கூலிக்காரனுக்கு அந்தப் படிக்கட்டு இருப்பதாகக் காட்டுவது கொட்டகைக்கு உற்சாகம். ஜவ்வாது மலையிலிருந்து வந்தவனுக்கு அப்படி ஒரு படிக்கட்டு கிடையாது. அவன் ஜாமீனில் வந்து மேஸ்திரி வேலைக்குப் போனாலும் பழைய வழக்கு வாய்தாவுக்குத் திருப்பதிக்கு அழைத்துக்கொண்டே இருக்கும். ‘புஷ்பா’ விட்டுவைத்த கதை அதுதான்.

நாவலை அப்படியே இங்கே இறக்கினால் உடைந்துபோகும் இடமும் ஒன்று உண்டு, அது ஏழைத் தாய் ஃபான்தீன் தன் கூந்தலை விற்கும் காட்சி. குழந்தைக்குக் கம்பளிப் பாவாடை வாங்க அவள் முடியைப் பத்து பிராங்குக்கு விற்கிறாள். உலகெங்கும் அழவைத்த காட்சி. திருப்பதியில் அழவைக்காது. திருமலைக் கல்யாணக்கட்டையில் ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கான பெண்களும் ஆண்களும் வரிசையில் உட்கார்ந்து, தலையை நனைத்துக்கொண்டு, ஒரு பிளேடுக்குக் குனிகிறார்கள். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு பஸ்ஸில் ஏறும் பெண்ணுக்கு யாரும் பரிதாபப்படுவதில்லை. ‘தரிசனம் நல்லபடியா ஆச்சா?’ என்றுதான் கேட்பார்கள். அந்த முடியைத் தேவஸ்தானம் ஏலம் விடுகிறது, அது வெளிநாடுகளில் விக்காகப் போகிறது. ஆக இங்கே முடி இழப்பு அவமானமல்ல, பிரார்த்தனை. புத்திசாலியான திரைக்கதாசிரியர் இந்த இடத்தில் ஹ்யூகோவைத் தலைகீழாக்கலாம்: வேண்டுதலுக்கு முடி கொடுக்கப் போனவளிடம், கீழே காத்திருக்கும் ஒரு தரகன் வேறு ஒன்றை விலை பேசுகிறான். நாவலில் கூந்தலுக்குப் பிறகு அவள் முன்பற்கள் இரண்டை நாற்பது பிராங்குக்கு விற்கிறாள். பல்லுக்குச் சந்தை இப்போது இல்லை. சிறுநீரகத்துக்கு இருந்தது, சென்னை வில்லிவாக்கத்துக்கு ‘கிட்னிவாக்கம்’ என்று ஒரு காலத்தில் பெயர் வந்ததே அதனால்தான், 1994-இல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்ததற்கும் அப்படிப்பட்ட செய்திகள் காரணம். பல்லின் இடத்தில் சிறுநீரகத்தை வைப்பதற்கு யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். கூந்தலை அப்படியே வைத்தால் திருப்பதிக்காரர்கள் சிரித்துவிடுவார்கள்.

இவ்வளவு சொந்தச் சரக்கு இருக்கும்போது ஹ்யூகோ எதற்கு, நேரடியாகச் செம்மரக் கூலிகளைப் பற்றியே படமெடுக்கலாமே என்ற ஆட்சேபம் மிச்சமிருக்கிறது. எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். ஆனால் நேரடியாக எடுக்கும்போது நாம் பெரும்பாலும் ஒரு தப்பைச் செய்கிறோம்: அதிகாரியை வில்லனாக்கிவிடுகிறோம். ஹ்யூகோவின் ஜாவர் லஞ்சம் வாங்காதவன், பொய் சொல்லாதவன். சிறைச்சாலைக்குள் ஒரு கைதிக்கும் குறிசொல்லும் பெண்ணுக்கும் பிறந்தவன். தான் எந்தக் குப்பையிலிருந்து வந்தோமோ அதை வெறுப்பதற்காகவே சட்டத்தின் பக்கம் போய் நின்றவன். காட்டிலாகாக் காவலர்களும் கான்ஸ்டபிள்களும் பெரும்பாலும் அந்த மலையடிவார ஊர்களின் சாதாரண வீட்டுப் பிள்ளைகள்தான். 2013 டிசம்பரில் இதே சேஷாசலத்தில் வனத்துறை அதிகாரிகள் இருவர் கொலை செய்யப்பட்டார்கள்; அந்த வழக்கில் நூற்றுக்கணக்கான தமிழ்க் கூலிகள் பிடிக்கப்பட்டு, 2016-இல் திருப்பதி நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். இந்த இரண்டு உண்மையையும் ஒரே கதைக்குள் வைத்திருக்க ஹ்யூகோ பயன்படுவார். கொல்லப்பட்டவரின் சகாவாக ஒரு ஜாவரை எழுதுங்கள், அவருடைய கோபம் நியாயமானது என்று காட்டுங்கள், அதன் பிறகு அந்தக் கோபம் யார்மேல் இறங்குகிறது என்று காட்டுங்கள்.

முடிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. தடுப்பரணில் தன் உயிரை வல்ழானே காப்பாற்றிய பிறகு, கைது செய்யவும் முடியாமல் விடவும் முடியாமல் ஜாவர் ஸேன் நதியில் விழுந்து சாகிறான். தழுவல்கள் எல்லாம் இந்த நதியை விடாமல் பிடித்துக்கொள்ளும். அதற்கு முன் நடப்பது ஒன்று உண்டு, அது படங்களில் பெரும்பாலும் வெட்டப்பட்டுவிடும். ஜாவர் பக்கத்திலிருந்த ஒரு காவல் நிலையத்துக்குப் போகிறான், தாளும் பேனாவும் கேட்கிறான், ‘பணியின் நன்மைக்காக’ என்று தலைப்பிட்டுப் பத்துக் குறிப்புகள் எழுதுகிறான். விசாரணையிலிருந்து திரும்பும் கைதிகளைச் சோதனையிடும்போது வெறுங்காலோடு கல்தரையில் நிறுத்துகிறார்கள், இருமல் வருகிறது, மருத்துவச் செலவாகிறது என்பது ஒன்று. காசு கொடுத்தாலும் ஒரு சிறையில் கைதிக்கு நாற்காலி மறுக்கப்படுவது ஏன் என்பது இன்னொன்று. கையெழுத்து, பதவி, தேதி, நேரம் எல்லாம் ஒழுங்காகப் போட்டு மடித்துவைத்துவிட்டுத்தான் ஆற்றங்கரைக்குப் போகிறான். சேஷாசலத்தில் பொருத்தமான நதி இல்லை, கபில தீர்த்தத்துக்கோ ஸ்வர்ணமுகிக்கோ நம் ஜாவரை அனுப்பவும் தேவையில்லை. திருப்பதியில் ஒரு ஸ்டேஷனில் ரைட்டரின் மேசையில் உட்கார்ந்து அந்தக் குறிப்புகளை எழுதட்டும்: பிடிபடுகிறவர்களுக்கு ரிமாண்ட் ரிப்போர்ட்டைத் தமிழில் வாசித்துக் காட்ட ஆள் வேண்டும், ஜவ்வாது மலையில் இருக்கும் குடும்பத்துக்கு அன்றைக்கே தகவல் போக வேண்டும், கூலியை மட்டும் பிடித்து ஏஜென்டை விட்ட வழக்குகள் இத்தனை என்று தனிப் பதிவேடு வைக்க வேண்டும்.